பழைய நாணயங்களுக்கு ஒரு கணக்கேடு: எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது?

நம்மவர் வீடுகளில் பழைய நாணயங்கள் இல்லாத வீடு குறைவு. அலுமாரியின் மேல் தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ளோ, துணிப் பையொன்றிலோ அவை கிடக்கும். விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த செப்புச் சதங்கள், ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்கள் மீதியாகக் கொண்டுவந்த சவூதி ஹலாலாக்கள், மாலைதீவுக்காரரோடு கொடுக்கல் வாங்கல் செய்த காலத்து லாரிகள் என்று பலவும் ஒன்றாய்க் கலந்திருக்கும். சிலர் இதையே பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டு அல்பம் அல்பமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சேர்ப்பவர் உயிரோடு இருக்கும் வரை பிரச்சினை இல்லை. எந்த நாணயம் எங்கே இருக்கிறது, எதை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருக்கும். அவர் மௌத்தாகிவிட்டால் அந்தக் கணக்கும் அவரோடு போய்விடுகிறது. மனைவி மக்களுக்கு அந்த டின்னில் இருப்பது பெறுமதியான பொருளா, பழைய செம்பா என்பது தெரியாது. வீட்டு வாசலுக்கு வரும் பழைய சாமான் வியாபாரி நிறுத்து எடுத்துக்கொண்டு போவார். ஆயிரக்கணக்கில் விலைபோக வேண்டியது கிலோக் கணக்கில் போகும். வாரிசுகளுக்கிடையே பங்கு பிரிக்கும்போதும் பெறுமதி தெரியாத பொருளை நீதமாகப் பிரிக்க முடியாது.

கடை நடத்துகின்ற எவரும் ஸ்டொக் புத்தகம் இல்லாமல் இருப்பதில்லை. நாணயச் சேகரிப்பும் ஓர் இருப்புத்தான். அதற்கும் ஒரு புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகத்தைக் கணினியில் வைத்துக்கொள்வதற்கு எந்த மென்பொருள் ஏற்றது என்பதையே இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

எதையெல்லாம் எழுத வேண்டும்?

மென்பொருளைத் தேடுவதற்கு முன்னர், எதைப் பதிய வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சாமான் என்னவென்று தெரியாமல் இறாக்கை அடிப்பவர் யாருமில்லை. ஒவ்வொரு நாணயத்துக்கும் குறைந்தபட்சம் பின்வரும் விபரங்கள் அவசியம்.

நாடு, ஆட்சி, பெறுமானம், நாணயத்தில் உள்ள ஆண்டு, அச்சிட்ட சாலையின் குறி, உலோகம், நிறை, விட்டம், தரநிலை, பட்டியல் இலக்கம், யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கியது, வீட்டில் எங்கே இருக்கிறது, இரு பக்கப் படங்கள். இவ்வளவுதான்.

இவற்றில் சில விளக்கம் வேண்டுபவை. பட்டியல் இலக்கம் என்பது உலகெங்கும் சேகரிப்பாளர்கள் ஒரு நாணயத்தை அடையாளம் சொல்லப் பாவிக்கும் இலக்கமாகும். அமெரிக்காவின் குரோஸ், மிஷ்லர் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் கே.எம். இலக்கமே அதிகம் புழக்கத்தில் உள்ளது. அவர்களுடைய உலக நாணயப் பட்டியல் முதன்முதலாக 1972 இல் வெளிவந்தது. உங்கள் ஏட்டில் கே.எம். இலக்கம் இருந்தால், நீங்கள் எந்த நாணயத்தைச் சொல்கிறீர்கள் என்பது ஜப்பானில் இருப்பவருக்கும் விளங்கும்.

தரநிலை என்பது நாணயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதாகும். பிரித்தானிய முறையில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று சொல்வார்கள். அமெரிக்க முறையில் 1 முதல் 70 வரை புள்ளி கொடுப்பார்கள். இரண்டையும் கலந்து எழுதினால் பிறகு ஒப்பிட முடியாது. ஒன்றைத் தெரிவு செய்து அதிலேயே நிற்க வேண்டும்.

நிறையும் விட்டமும் போலியைக் கண்டுபிடிக்க உதவுபவை. பழைய வெள்ளி நாணயங்களைப் போல வார்க்கப்பட்ட போலிகள் சந்தையில் நிறைய உலவுகின்றன. கண்ணை ஏமாற்றலாம், தராசை ஏமாற்றுவது கடினம். உதாரணமாக, 1957 இல் புத்த ஜயந்தியை முன்னிட்டு வெளியிடப்பட்ட 5 ரூபா நாணயம் 925 தரத்து வெள்ளியாகும். நிறை 28 கிராமுக்குச் சற்று அதிகம். உங்களிடம் இருப்பது 24 கிராம் காட்டினால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

நமக்கே உரிய சில சிக்கல்கள்

சந்தையில் உள்ள மென்பொருள்கள் பெரும்பாலும் வட அமெரிக்கச் சேகரிப்பாளர்களை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை. கொயின்மனேஜ், ஈஸிகொயின் போன்றவை இத்தகையன. அமெரிக்க டொலர் நாணயம் ஒன்றின் ஆண்டைத் தெரிவு செய்தால் மற்ற விபரங்கள் அநேகமாகத் தாமாகவே வந்துவிடும். ஆனால் நமது கைகளில் இருப்பது வேறு வகை.

முதலாவது, ஹிஜ்ரி ஆண்டு. உஸ்மானிய நாணயங்களில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சுல்தான் ஆட்சிக்கு வந்த ஹிஜ்ரி ஆண்டு, மற்றையது ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்பது. இரண்டாம் அப்துல் ஹமீத் ஆட்சிக்கு வந்தது ஹிஜ்ரி 1293 இல். நாணயத்தில் 1293 என்றும் 33 என்றும் இருந்தால், 1293 உடன் 33 ஐக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். ஹிஜ்ரி 1325 வரும். அது கி.பி. 1907-1908. விபரம் தெரியாதவர் 1293 ஐ மட்டும் பார்த்து 1876 என்று எழுதிவிடுவார். முப்பது வருடப் பிழை. ஆண்டுக்கு ஒரேயொரு கட்டத்தை மட்டும் வைத்திருக்கும் மென்பொருள் இந்தப் பிழைக்கு வழி திறந்து கொடுக்கிறது. நாணயத்தில் உள்ள ஆண்டு, ஆட்சியாண்டு, கி.பி. ஆண்டு என மூன்று கட்டங்கள் வேண்டும்.

மாலைதீவு நாணயங்களும் அவ்வாறே. ஹிஜ்ரி 1331 என்றிருப்பது 1913 ஆம் ஆண்டுக்குரியது, 1379 என்றிருப்பது 1960 ஆம் ஆண்டு வெளியீடு. ஹிஜ்ரி ஆண்டை 0.97 ஆல் பெருக்கி 622 ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு ஏறத்தாழ வந்துவிடும். அரபு இலக்கத்தில் ஐந்து நமது சைபரைப் போலவும், சைபர் வெறும் புள்ளியாகவும் இருப்பதையும் மறந்துவிடக்கூடாது. பிள்ளைகளிடம் பதியக் கொடுப்பவர்கள் இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, நாட்டின் பெயர். 1972 வரை நமது நாணயங்களில் ஆங்கிலத்தில் சிலோன் என்றிருந்தது. பிறகு ஸ்ரீ லங்கா ஆனது. சில மென்பொருள்கள் இரண்டையும் இரு நாடுகளாகக் காட்டும், சில ஒன்றாகக் காட்டும். ஒல்லாந்தர் காலத்து வி.ஓ.சி. நாணயங்கள் இன்னொரு தலைப்பில் கிடக்கும். கொழும்பு, காலி, திருகோணமலை ஆகிய ஊர்களின் முதலெழுத்தைத் தாங்கி இங்கேயே அச்சான ஒல்லாந்து ஸ்டைவர்களை வேறு நாட்டின் கீழ் தேட வேண்டியிருக்கும். எனவே நாடு என்ற கட்டத்தை நாமாகத் திருத்தி எழுத முடிகின்ற மென்பொருளே நமக்கு ஏற்றது.

மூன்றாவது, மொழி. இலங்கை நாணயத்தில் மூன்று மொழிகளும் இருக்கின்றன. வளைகுடா நாணயத்தில் அரபு இருக்கிறது. மென்பொருள் யுனிகோட் எழுத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். நம்மவர் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள். பாமினியில் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தேடவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது. சேகரிப்பு ஏட்டை யுனிகோடில்தான் எழுத வேண்டும்.

நான்கு வழிகள்

முதலாவது வழி கொப்பி. இதை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். நூறு நாணயம் வரைக்கும் கொப்பி போதும். மின்சாரம் தேவையில்லை, வைரஸ் வராது. ஆனால் இடையில் ஒன்றைச் சேர்ப்பதும், விற்றதை நீக்குவதும், மொத்தப் பெறுமதியைக் கூட்டுவதும் கஷ்டம். படமும் வைக்க முடியாது.

இரண்டாவது வழி எக்செல். கடைக் கணக்கு எக்செலில் வைத்திருப்பவருக்கு இது கைவந்த கலை. பணம் கொடுத்து வாங்க விரும்பாதவர்கள் லிப்ரே ஒபிஸை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கட்டங்களை நம் விருப்பம்போல் அமைக்கலாம் என்பது இதன் பெரிய அனுகூலம். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். விக்டோரியா காலத்தில் நமது நாட்டில் கால் சதமும் அரைச் சதமும் இருந்தன. பெறுமானக் கட்டத்தில் 1/4 என்று அடித்தால் எக்செல் அதைத் திகதியாக எண்ணி ஜனவரி 4 என்றோ ஏப்ரல் 1 என்றோ மாற்றிவிடும். அந்தக் கட்டத்தை எழுத்து வடிவமாக முன்கூட்டியே மாற்றி வைக்க வேண்டும். அடுத்தது, 1900 க்கு முற்பட்ட திகதிகளை எக்செல் திகதியாகக் கணக்கிடாது. எனவே நாணய ஆண்டை வெறும் எண்ணாக எழுத வேண்டும். நூற்றுக்கணக்கான படங்களை உள்ளே ஒட்டினால் கோப்பு கனத்துப்போகும். படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, நாணயத்தின் தொடர் இலக்கத்தையே படத்துக்குப் பெயராக இடுவது நல்லது.

மூன்றாவது வழி, நாணயத்துக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்வது. பணம் கொடுத்து வாங்குபவற்றைப் பற்றி மேலே சொன்னோம். இலவசமானவற்றில் ஓப்பன்நியூமிஸ்மெட் குறிப்பிடத்தக்கது. விண்டோஸ், லினக்ஸ், மெக் ஆகிய மூன்றிலும் இயங்கும். மூல நிரல் யாவருக்கும் திறந்திருக்கிறது. தேவையற்ற கட்டங்களை மறைத்துக்கொள்ளலாம். எல்லா விபரங்களும் படங்களும் ஒரே கோப்பில் அடங்கும் என்பது பெரிய வசதி. அந்தக் கோப்பு எஸ்.கியூ.லைட் என்ற வடிவத்தில் அமைந்தது. இவ்வடிவத்தை வேறு பல மென்பொருள்களாலும் திறக்க முடியும். நாளைக்கு ஓப்பன்நியூமிஸ்மெட்டைச் செய்பவர்கள் கைவிட்டாலும் உங்கள் கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும்.

நான்காவது வழி இணையத்தளம். பிரான்சில் 2007 இல் ஆரம்பிக்கப்பட்ட நியூமிஸ்டா என்ற தளம் உலகச் சேகரிப்பாளர்களால் சேர்ந்து கட்டியெழுப்பப்பட்ட பட்டியலாகும். இலங்கை நாணயங்கள் படம், நிறை, விட்டம், கே.எம். இலக்கம் ஆகியவற்றோடு அங்கு இருக்கின்றன. கணக்கொன்றைத் திறந்து, என்னிடம் இது இருக்கிறது என்று அடையாளமிட்டால் போதும். தட்டச்சு வேலை பெருமளவு மிச்சம். இரட்டையாக இருப்பவற்றைப் பிற நாட்டவரோடு மாற்றிக்கொள்ளவும் அங்கு வழியுண்டு. ஆனால் இணைய இணைப்பு வேண்டும். கணக்கு இருப்பது பிறர் கணினியில் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எந்த இணையத்தளமாயினும், நமது சேகரிப்பைப் பிறர் பார்க்கலாமா என்ற அமைப்பை முதல் நாளே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதை ஒருபோதும் இணையத்தில் எழுதக்கூடாது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

கடைக்குப் பில் போடும் மெஷின் வாங்கும்போது நாம் நாலு கேள்வி கேட்போம். இங்கும் அப்படியே.

ஒன்று, போட்டதை வெளியே எடுக்க முடியுமா? இதுவே தலையாய கேள்வி. மைக்ரோசொப்ட் நிறுவனம் வீட்டுப் பாவனைக்கென வெளியிட்ட வேர்க்ஸ் என்ற மென்பொருளில் அநேகர் தங்கள் பட்டியல்களை வைத்திருந்தார்கள். 2009 இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அதில் செய்த தரவுக் கோப்புகளை இன்றைய எக்செல் நேரடியாகத் திறக்காது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் பொருளுக்கே இந்தக் கதி. குரோஸ் பட்டியலை வெளியிட்டு வந்த நிறுவனத்தின் தாய்க் கம்பனியும் 2019 இல் வங்குரோத்து அடைந்தது. எனவே சி.எஸ்.வி. எனப்படும் சாதாரண எழுத்து வடிவத்திலோ எக்செலிலோ முழுப் பட்டியலையும் வெளியெடுக்கும் வசதி இல்லாத மென்பொருளை, இலவசமாகத் தந்தாலும் எடுக்கக்கூடாது. வாசலில் நுழைய மட்டும் கதவு வைத்து, வெளியேறக் கதவு வைக்காத கடைக்குள் யார் போவார்?

இரண்டு, கட்டங்களை நாமாகச் சேர்க்க முடியுமா? ஹிஜ்ரி ஆண்டுக்கும் ஆட்சியாண்டுக்கும் இடமில்லாவிட்டால் நமக்குப் பயனில்லை.

மூன்று, செலவு ஒரு தடவையா, வருடாவருடமா? டொலரில் வருடக் கட்டணம் என்றால் ரூபாவின் பெறுமதி குறையும்போது நமது செலவு ஏறும். 2022 இல் நாம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். கட்டணம் கட்டாத வருடத்தில் பழைய பதிவுகளைப் பார்க்கவாவது விடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்கு, அதில் காட்டும் விலை யாருடைய விலை? பட்டியல் விலை என்பது பெரும்பாலும் வெளிநாட்டு வியாபாரி விற்கும் விலை. அதே நாணயத்தை நாம் விற்கப் போனால் அந்தத் தொகை கிடைக்காது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே நாம் கொடுத்த விலைக்கு ஒரு கட்டம், இன்றைய மதிப்பீட்டுக்கு ஒரு கட்டம், மதிப்பிட்ட திகதிக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக வைப்பதே உசிதம்.

ஐந்து, கடதாசியில் அச்செடுக்க முடியுமா? கணினி தெரியாத உம்மாவுக்கும் மூத்த சகோதரிக்கும் பயன்படுவது அச்சுப் பிரதிதான்.

சட்டமும் ஸக்காத்தும்

யாரிடம், எப்போது வாங்கினோம் என்ற கட்டத்தைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட நாணயங்கள் தொல்பொருள்களாகக் கருதப்படும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. பொலன்னறுவைக் காலச் செப்புக் காசு, யாழ்ப்பாண மன்னர்களின் சேதுக் காசு, ஒல்லாந்தர் காசு அனைத்தும் இதில் அடங்கும். முறையாக வாங்கியவர் அதற்குரிய பற்றுச்சீட்டைப் படமெடுத்து ஏட்டோடு சேர்த்து வைத்தால், நாளை யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல இலகுவாயிருக்கும். வீட்டில் களவு போனால் பொலிஸில் முறைப்பாடு செய்யவும் படத்தோடு கூடிய பட்டியலே உதவும்.

மற்றையது ஸக்காத். வெள்ளியின் நிஸாபை 595 கிராம் எனக் கொண்டால், மேலே சொன்ன 5 ரூபா வெள்ளி நாணயம் ஒன்றில் சுத்த வெள்ளி சுமார் 26 கிராம். 23 நாணயம் சேர்ந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. விற்பனைக்கென்று வாங்கி வைத்திருப்பவருக்கு வியாபாரப் பொருள் என்ற கணக்கும் வரலாம. இவற்றின் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டறிய வேண்டும். ஆனால் கேட்கப் போகுமுன் எத்தனை கிராம் தங்கம், எத்தனை கிராம் வெள்ளி என்ற தொகை கையில் இருக்க வேண்டும். உலோகம், தரம், நிறை ஆகிய மூன்று கட்டங்களும் ஒழுங்காக இருந்தால் மென்பொருள் ஒரு நொடியில் அதைக் கூட்டித் தரும்.

எப்படி ஆரம்பிப்பது?

முதலில் 25 நாணயங்களை மட்டும் எடுங்கள். அவற்றில் ஒரு ஹிஜ்ரி நாணயம், ஒரு கால் சதம், ஒரு ஒல்லாந்துக் காசு, ஆண்டே இல்லாத ஒரு நாணயம் கட்டாயம் இருக்கட்டும். அந்த 25 ஐயும் இரண்டு மென்பொருள்களில் பதிந்து பாருங்கள். பிறகு வெளியே எடுத்து எக்செலில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து சிதையாமல் வருகிறதா, படங்கள் வருகின்றனவா என்று பார்த்தால் எது நல்லது என்பது ஒரு மாலைப் பொழுதில் விளங்கிவிடும்.

ஒரு நாணயத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் ஆயிரம் நாணயத்துக்கு 50 மணித்தியாலம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் செலவிட்டால் இரண்டு மாதத்துக்குள் வேலை முடிந்துவிடும். நாணயங்களைக் கழுவித் தேய்த்துப் பளபளப்பாக்கிப் படமெடுக்க நினைக்க வேண்டாம். தேய்த்த நாணயத்தின் விலை பாதியாகிவிடும் சந்தர்ப்பமும் உண்டு. உள்ளது உள்ளபடியே படமெடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசொன்று போதுமானது.

ஒவ்வொரு நாணய உறையிலும் தொடர் இலக்கத்தை எழுதுங்கள். அதே இலக்கம் கணினியிலும் இருக்கட்டும். இந்த இணைப்பு இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் வீண். கோப்பின் ஒரு பிரதி கணினியிலும், ஒன்று பென் ட்ரைவிலும், ஒன்று வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடமும் இருக்க வேண்டும்.

நமது சிபாரிசு இதுதான். முந்நூறுக்கு உட்பட்ட சேகரிப்புக்கு எக்செல் அல்லது லிப்ரே ஒபிஸ் தாராளம். அதற்கு மேற்பட்டதற்கும், படம் முக்கியம் என்பவர்களுக்கும் ஓப்பன்நியூமிஸ்மெட் நல்லது. நாணயத்தை அடையாளம் காண்பதற்கு நியூமிஸ்டாவைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், ஒரே ஏடாக அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள், அமெரிக்க, பிரித்தானிய நாணயங்களை அதிகம் சேர்ப்பவருக்கே பிரயோசனப்படும்.

கொழும்புக் கோட்டை சத்தாம் வீதியில் சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்திலுள்ள மத்திய வங்கியின் நூதனசாலைக்குப் பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிச் செல்லுங்கள். வீட்டில் உள்ள டின்னுக்குள் இருப்பது என்னவென்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பதியும் வேலையையும் அவர்களே சந்தோஷமாகச் செய்து தருவார்கள்.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும் பட்டியலை அச்சிட்டு, வீட்டுக் காணி உறுதி வைத்திருக்கும் அதே உறையில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்பதை வீட்டாரிடம் சொல்லியும் வையுங்கள். அந்த நான்கைந்து தாள்கள்தான் நமக்குப் பின் நம் பிள்ளைகளுக்காகப் பேரம் பேசப் போகின்றன.